மஞ்சள் வைத்த சாம்பிள்

யுத்த காலத்தில் சேலத்தில் எனக்கு ‘டெண்டர் வக்கீல்’ என்று ஒரு பேர் இருந்தது. பட்டம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோர்ட்டில் வேலையில்லாதவன் என்பதைத்தான் சக வக்கீல்கள் அப்படி நாசூக்காகச் சொன்னார்கள். கொலை செய்தவன்கூட நல்ல வக்கீலாகப் பார்த்துத்தான் போவான். சர்க்காருக்குச் சரக்கு விற்க ஆசைப்பட்டவர்கள் மட்டும் என் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார்கள். அவர்களுக்கும் என்னை விட்டால் வேறு ஆள் இல்லை, எனக்கும் அவர்களை விட்டால் வேறு கட்சிக்காரர் இல்லை.

என் வேலை இதுதான். சர்க்கார் ஏதாவது வாங்க வேண்டுமென்றால் நோட்டீஸ் போடும். நோட்டீஸ் இங்கிலீஷில் பொடி எழுத்தில் இருக்கும். சரக்கை விளைவிக்கிறவனுக்கும் நெய்கிறவனுக்கும் அதில் ஓர் எழுத்தும் புரியாது. நான் அதைப் படித்துத் தமிழில் சொல்லுவேன். எந்தப் பக்கத்தில் கையெழுத்து, அடித்துத் திருத்திய இடத்தில் எப்படிச் சுருக்கொப்பம், தாசில்தாரிடம் சொத்து சர்டிபிகேட் வாங்குவது எப்படி, அரக்கு முத்திரை எங்கே விழ வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தருவேன். இதில் ஒன்று தப்பினாலும் உள்ளே எழுதியிருக்கும் விலையைச் சர்க்கார் பார்க்கவே பார்க்காது. விலை கூடிப்போய்த் தோற்றவர்களைவிடக் கையெழுத்து இடம் மாறித் தோற்றவர்கள்தான் அதிகம். என் கை பட்டுப் போன காகிதத்தில் அப்படி ஒரு குற்றமும் யாரும் சொன்னதில்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறைய இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் குமாரபாளையத்திலிருந்து ஒருவர் வந்தார். சின்ன ஜவுளிக்கடை வைத்திருந்தவர். தம் தெருவில் உள்ள தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்து, நெய்த துணியை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். யுத்தம் வந்து நூலுக்குக் கட்டுப்பாடு போட்ட பிறகு கொடுப்பதற்கு அவரிடம் நூல் இல்லை. தோளில் துண்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு, நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

“ஏனுங்க வக்கீல் ஐயா, ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டற துணி வேணும்னு சர்க்கார்ல கேட்டிருக்காங்களாமா?”

“கேட்டிருக்கிறார்கள். யுத்தத்துக்காகப் புதிதாக ஒரு கொள்முதல் ஆபீஸ் வந்திருக்கிறது. அவர்கள்தான் வாங்குகிறார்கள்.”

“கண்டிராக்ட் கெடச்சவங்களுக்கு நூல் பர்மிட்டு சர்க்காரே குடுக்குமாமுங்க. நெசந்தானுங்களா?”

நிஜம்தான். நோட்டீஸில் அந்த நிபந்தனை இருந்தது. படித்துச் சொன்னேன். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன், மலரவில்லை.

“எங்க பாவடியில தறிச் சத்தம் கேட்டு வெகு நாளாச்சுங்க” என்றார். பாவடி என்பது நெசவாளர் தெருவுக்கு நடுவே பாவு நீட்டுகிற இடம். அவர் அந்தத் தெருவையே அப்படித்தான் சொன்னார். “பாதி ஊட்டு ஆம்பளைங்க ரோட்டுக்குக் கல்லு ஒடைக்கப் போயிட்டாங்க. தறிக்குழியில உக்காந்தே பழகுன ஒடம்புங்க. வெயில்ல நிக்க முடியலீங்க. சேலத்து வியாபாரிங்ககிட்ட நூல் இருக்குது. ஆனா நூல் வெச்சிருக்கறவன் சொன்னதுதான் கூலின்னு ஆயிப்போச்சுங்க. இந்தக் கண்டிராக்ட் எம் பேர்ல கெடச்சா நாங்களே தறியில நெஞ்சு நாங்களே குடுத்துக்குவமுங்க. ஒருத்தன் முன்னால கையக் கட்டிக்கிட்டு நிக்க வேண்டாம்.”

ஆகவே பணயம் வைக்கப்பட்டது ஒரு மனிதரின் லாபம் அல்ல, ஒரு தெரு. அதை அன்றைக்கே நான் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டதால் என் வழக்கமான அலட்சியத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு நிபந்தனையாக நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். விலை எழுதிய தாளோடு சாம்பிள் துணியும் கொடுக்க வேண்டும், அதைத் தனிப் பொட்டலமாகத் தைத்து அரக்கு வைக்க வேண்டும் என்றேன். துணி நல்ல வெள்ளையாக இருக்க வேண்டும் என்றேன்.

“முக்கியமாக, கறை இருக்கவே கூடாது” என்றேன்.

“கொஞ்சங்கூட வேண்டாமுங்களா?”

“கொஞ்சம்கூடக் கூடாது. அப்படித்தான் எழுதியிருக்கிறது.”

“அது சுலுவுங்க” என்று சொல்லி முதல் தடவையாகச் சிரித்தார். நூல் இல்லை, பணம் இல்லை என்று வந்தவருக்குச் சுலபமான நிபந்தனை ஒன்றாவது கிடைத்ததே என்று எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் கடைசியாக மிஞ்சியிருந்த நூலை எடுத்து அவரே தறியில் உட்கார்ந்து அந்தத் துணியை நெய்தாராம். காவேரியில் வெளுத்து, மணலில் உலர்த்தி, பொட்டலமாகத் தைத்து எடுத்துக்கொண்டு கெடு முடிகிற தினத்தில் கிளம்பினார். கரியைப் போட்டு ஓட்டிய அந்தக் காலத்து பஸ் சங்ககிரி ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அவர் மாடிப்படி ஏறி வந்தபோது ஆபீஸில் டெண்டர் பெட்டியை மூடக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நான் பொட்டலத்தின் தையல் மேல் அரக்கை உருக்கி ஊற்றினேன். இரண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்து ஓடிப்போய்ப் பெட்டியில் சேர்த்தோம். பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க நேரமில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. புதுத்துணியின் மூலையில் இருந்த அந்த அடையாளம் என் கண்ணுக்கும் உறுத்தியிருக்காது. என் வீட்டிலும் புதுத்துணி அப்படித்தான் கைக்கு வரும்.

டெண்டர் திறந்தது தீபாவளி கழிந்த சில தினங்களில். ஆபீஸர் வயதானவர் அல்ல, கெட்டவரும் அல்ல. நெற்றியில் விபூதி, உடம்பில் தீபாவளிக்கு எடுத்த புதுச் சட்டை. முதலில் விலைகளை உரக்கப் படித்தார்கள். எங்கள் விலைதான் எல்லாவற்றிலும் குறைவு. என் கட்சிக்காரர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். அந்தப் பிடி ரொம்ப நேரம் வலித்தது.

பிறகு சாம்பிள் பொட்டலங்களைப் பிரித்தார்கள். எங்கள் துணியை மேஜையில் விரித்தார் ஒரு குமாஸ்தா. நல்ல துணி. இழை ஒழுங்கும் வெளுப்பும் எனக்கே தெரிந்தன. ஆனால் ஒரு மூலையில், விரல் நுனி அளவுக்கு, மஞ்சள் தடவியிருந்தது.

“இது என்ன?” என்றார் ஆபீஸர்.

என்னவென்று அவருக்குத் தெரியாதா? தெரியும். குமாஸ்தாவுக்கும் தெரியும். தமிழ்நாட்டில் புதுத்துணியை மஞ்சள் வைக்காமல் யாராவது கொடுப்பார்களா, உடுத்துவார்களா? ஆனால் ஆபீஸில் கேள்வி கேட்கிறவர் தெரியாதவராக இருந்தால்தான் காரியம் நடக்கும்.

“மஞ்சளுங்க சாமி” என்றார் என் கட்சிக்காரர், கேள்விக்குப் பதில் வேண்டும் என்று நம்பி.

ஆபீஸர் நோட்டீஸைப் பார்த்து, கறை படிந்த சாம்பிள் செல்லாது என்று சொன்னார். குமாஸ்தா அதை எழுதிக்கொண்டார்.

என் கட்சிக்காரர் பதறிப்போய் மேஜைக்குப் பக்கத்தில் வந்து துணியின் ஓரத்தைப் பிடித்துக் காட்டினார். “கரையே போடலீங்களே! பாருங்க, ஓரத்துல ஒரு நீல இழைகூட ஓட்டலீங்க. வக்கீல் ஐயா கரை வேண்டாம்னு சொன்னாருங்க. மொத்தமும் வெள்ளையாத்தானுங்க நெஞ்சேன்!”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் சொன்னது கறை. அவர் கேட்டது கரை. எழுத்தில் இரண்டு, வாயில் ஒன்று. வேட்டிக்கும் புடவைக்கும் கரை போட்டே பிறந்து வளர்ந்த மனிதர் அந்தச் சொல்லை வேறு எப்படிக் கேட்பார்? கரை இல்லாமல் நெய்வது சுலுவு என்று சிரித்தாரே, அதுதான் காரணம். ஆபீஸில் இருந்தவர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். என்ன வேடிக்கை என்று தெரியாமல், ஆபீஸர் சிரிக்கிறாரே என்று என் கட்சிக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரை அல்ல, அவரைச் சிரிக்க வைத்தவர்களை.

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு முன்னால் போகும். ஆபீஸர் குனிந்து எழுதும்போது அவர் சட்டைக் காலரின் உள்பக்கம் தெரிந்தது. அங்கேயும் ஒரு விரல் நுனி மஞ்சள்.

“ஐயா அவர்களுடைய சட்டையிலும் அதே கறை இருக்கிறது” என்றேன்.

அவர் கை தானாகக் காலருக்குப் போயிற்று. பிறகு அவர் புன்சிரிப்போடு, “இந்தச் சட்டையை நான் டெண்டருக்கு வைக்கவில்லையே, வக்கீல் சார்” என்றார். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பதில்தான்.

வேறு வழியில் பார்த்தேன். வெளியே மழை விட்டு நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. “மஞ்சள் வெயிலில் பறந்துவிடும். சாயங்காலம் வரைக்கும் இந்த ஜன்னலில் போட்டு வையுங்கள். இருந்தால் தள்ளுங்கள், இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

“திறந்த பிறகு சாம்பிளைத் திருத்தக் கூடாது. இது உங்களுக்கே தெரியும்” என்றார் ஆபீஸர்.

தெரியும். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

அடுத்த குறைந்த விலை சேலத்து வியாபாரி ஒருவருடையது. அவருக்குத் தறி கிடையாது, கிடங்குதான் உண்டு. அவருடைய சாம்பிள் பால் போல வெளுத்திருந்தது. என் கட்சிக்காரர் அதன் ஓரத்தை விரலால் ஒரு தடவை நெருடிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: “இது எங்க ஊருத் துணிங்க.” எங்கே நெய்தது என்று கேட்பதற்கு நோட்டீஸில் நிபந்தனை எதுவும் இல்லை. கண்டிராக்ட் அவருக்குப் போயிற்று.

வராந்தாவில் நின்று என் கட்சிக்காரர் கேட்டார்: “கோர்ட்டுக்குப் போலாமுங்களா?”

போக முடியாது என்று சொன்னேன். டெண்டர் கொடுப்பது என்பது நாம் கேட்டுக்கொள்வதுதான். சர்க்கார் சரி என்று சொல்லும்வரை நமக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று விளக்கினேன். நோட்டீஸின் கடைசி வரியையும் சொன்னேன். எந்த டெண்டரையும், எல்லா டெண்டரையும், காரணம் சொல்லாமலே தள்ளிவிட அவர்களுக்கு உரிமை உண்டு என்று அதில் எழுதியிருந்தது. எல்லா நோட்டீஸிலும் அந்த வரி இருக்கும். படித்துப் படித்து எனக்கு மரத்துப்போன வரி அது.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“காரணமே சொல்ல வேண்டாம்னா, மத்ததெல்லாம் எதுக்குங்க எழுதியிருக்காங்க?”

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இருந்திருந்தால் இந்தத் தொழிலை இன்னும் கொஞ்சம் மரியாதையோடு செய்திருப்பேன்.

“எங்க ஊட்டுல அவதானுங்க மஞ்சள் வெச்சா” என்றார் பிறகு. “பாவடியே காத்துக்கிட்டு இருக்குது. என்ன ஆச்சும்பாங்க. சொன்னா அவளத்தான் பேசுவாங்க.”

“சொல்லாதீர்கள்.”

“சொல்லாம எங்கீங்க போறது” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். தள்ளிய சாம்பிளை ஆபீஸில் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அவர் அதை வாங்காமல் என் கையிலேயே விட்டுவிட்டார்.

நான் அதை என் வீட்டு மொட்டை மாடியில் விரித்தேன். யாருக்கு நிரூபிக்க என்று கேட்டால் தெரியாது. பொழுது சாய்வதற்குள் மஞ்சள் போன இடம் தெரியவில்லை. அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அடுத்த மாடியில் வடகம் காய வைத்திருந்த அம்மாள் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து வெகு நாள் என்னோடு பேசவில்லை.

மேலதிகாரிக்கு ஒரு மனு எழுதிப் போட்டேன். பரிசீலித்ததில் தலையிட முகாந்திரம் இல்லை என்று பதில் வந்தது. அதற்கும் காரணம் சொல்லவில்லை.

தை மாதத்தில் ஒரு வேலையாக பவானிக்குப் போக வேண்டியிருந்தது. அந்தத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வேலையை முடித்துக்கொண்டு காவேரிப் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் குமாரபாளையத்துக்கு வந்தால், அவர் தெரு முனையிலேயே தறிச் சத்தம் கேட்டது. எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு வழியில் நூல் கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று எனக்கு மனசு கொஞ்சம் லேசாயிற்று. அந்த முட்டாள்தனம் வீட்டு வாசல் வரைக்கும்தான் நிலைத்தது.

பிறருக்கு நூல் கொடுத்துத் துணி வாங்கிய மனிதர் தாமே தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்று தடுத்தேன். கடையாக இருந்த முன்கட்டு மூடியிருந்தது. மூலையில் நூல் சிட்டங்கள் அடுக்கியிருந்தன.

“அவரு நூலுங்க” என்றார். கண்டிராக்ட் எடுத்த சேலத்து வியாபாரியைத்தான் சொன்னார். “பர்மிட்டு நூலு. இங்கதான் போட்டிருக்காரு. தெருவு மொத்தமும் அவருக்குத்தானுங்க நெய்யுது.”

“கூலி?”

“நெய்யறமுங்க” என்றார். அதற்கு மேல் கேட்கக் கூடாது என்பது குரலிலேயே இருந்தது.

ஆக, சர்க்காருக்குப் போகிற துணி அதே துணிதான். நெய்கிற கையும் அதே கை. வெளுக்கிற ஆறும் மாறவில்லை. நடுவில் ஒரு பேர் மட்டும் மாறியிருந்தது. அந்தப் பேர் இவருடையதாக இருந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அத்தனை நிபந்தனையும் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

அவர் மனைவி உள்ளேயிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தெரு அவளை என்னென்ன பேசியிருக்கும் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. கதவு ஓரத்தை விட்டு முன்னால் வரவில்லை. ஆனால் நான் ஒன்றும் கேட்காமலே அவளாக ஆரம்பித்தாள்.

“அல்லாரும் எனக்குக் காது கேக்கலைங்கறாங்க சாமி. கரையா கறையான்னு தெரியாம வெச்சுட்டேனாம். நீங்க நேர்ல வந்து என்கிட்டவே கறைன்னு சொல்லியிருந்தாலும் நான் வெச்சுத்தானுங்க குடுத்திருப்பேன். மஞ்சள் எப்படீங்க கறையாகும்? யாரு பெத்த புள்ளையோ, எங்கயோ காயத்தோட கெடக்குது. அதுக்குக் கட்டற துணி. அத வெறுமையாக் குடுக்கறதுங்களா? மஞ்சள் வெக்காத கோடித்துணி பொணத்துக்குத்தானுங்க.”

அவள் புருஷன் தறியை நிறுத்தவில்லை.

நான் பையிலிருந்து சாம்பிளை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைப் பிரித்து, மூலையைத் தேடினாள். நாலு மூலையையும் திருப்பிப் பார்த்தாள்.

“மஞ்சள் எங்கீங்க?”

“வெயிலில் போட்டேன். போய்விட்டது. போகும் என்று அவர்களிடம் சொன்னேன், கேட்கவில்லை.”

“நீங்களே எடுத்துட்டீங்களா சாமி” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. வைத்திருந்த தண்ணீரைக் குடித்தேன். பேச்சை மாற்றவேண்டும் என்று, பக்கத்தில் கட்டி வைத்திருந்த துணிக்கட்டைக் காட்டி, “இதற்கெல்லாம் மஞ்சள் வைக்கிறீர்களா? சரக்கில் யாரும் பார்க்கமாட்டார்கள். சாம்பிளுக்குத்தான் அந்த நிபந்தனை” என்றேன். அந்த நேரத்திலும் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“இல்லீங்க.”

“அவர்கள் வேண்டாம் என்று சொன்னார்களா?”

“அவிங்க ஒண்ணும் சொல்லலீங்க. குடுக்கறவிங்கதானுங்க மஞ்சள் வெக்கறது. நாங்க இப்ப யாருக்குங்க குடுக்கறோம்? கூலிக்கு நெய்யறோம்.”

சொல்லிவிட்டு அவள் அந்தச் சாம்பிளை மடித்தாள். உள்ளே கொண்டுபோய் வைக்கப்போகிறாள், மறுபடியும் ஒரு மூலையில் மஞ்சளைத் தொட்டு வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குனிந்து, துணிக்கட்டின் கயிற்றைத் தளர்த்தி, மற்ற துணிகளோடு அதையும் செருகினாள். அளவில் குறைந்தால் கூலியில் பிடிப்பார்களாம்.

கறை படிந்தது என்று சர்க்கார் என் எதிரில் தள்ளிய துணி, மறுநாள் அந்த வியாபாரி பேரில் அதே சர்க்காருக்குப் போயிற்று. யாரும் அதைத் திருப்பி அனுப்பவில்லை.